பச்சை பெல்ட்டில் ஈயம்

தண்டையார்பேட்டை,
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.

ஷெர்லின் அப்பாவுக்கு,

தேவப்பிரியம் எழுதுவது. ஸ்தோத்திரம். நான் சுகம், கடை சுகம். நீங்கள் சுகமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. கேட்டால் சுகம் என்பீர்கள். உங்கள் வாயிலிருந்து வருகிற பதிலை வாங்கி அடுக்க இனி இந்தக் குடோனில் இடம் இல்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் மூன்று வார்த்தை பேசிவிட்டுத் தொண்டை வலிக்கிறது என்று மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் ஸ்பீக்கரில் போடுகிறாள். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். அவர் காதுபடப் புருஷனைத் திட்ட எனக்கு வரவில்லை. ஷாரிக் நாளை சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறான். அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பின்சந்து அஜீசுன்னிசா தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் கடைக்கு வந்தாள். கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிக்கிற ஆள், தங்கை நிக்காஹ்வுக்கு லீவில் வந்தவன், கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கி வைத்த டீயைத் தொடவில்லை. "சொல்றா, அக்காவாண்ட சொல்லு. வந்த நாளா உள்ள வெச்சுகினு பேஜாரா சுத்திகினு கீறியே. அந்த மன்சனுக்கு எதுனா ஆனா நீ இன்னா பதில் சொல்லுவ" என்று அவள் அதட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே "பெரிம்மா, தூண்டில் போடத்தான் கேக்குறாருன்னு நென்ச்சேன்" என்றான்.

இதற்கு மேல் நான் எழுதாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் உங்கள் கண்ணால் படிக்க வேண்டும்.

ஷெர்லின் வீட்டுக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கிற பாலம் இருக்கிறது, பொழுது போகவில்லை என்று சொல்லி அவனை இரண்டு கிலோ ஈயக் குண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறீர்கள். காசிமேட்டுக் காற்றைக் குடித்து வளர்ந்தவன், தூண்டிலுக்கு இரண்டு கிலோ எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. எட்டாம் தேதி ஷெர்லினுக்கு லீவு கிடைக்காமல் அவன்தான் உங்களோடு மருத்துவமனைக்கு வந்திருக்கிறான். அங்கே பாத்ரூமுக்குள் போய், சட்டைக்குள் நம் கடையில் காசு போட்டுக் கட்டுகிற பச்சை பெல்ட்டைக் கட்டி, அதன் பையெல்லாம் ஈயத்தை நிரப்பிக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீரை அரைமணி நேரமாக மிடறு மிடறாக இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் எடை மெஷினில் ஏறியிருக்கிறீர்கள். ஐம்பத்து நான்கு காட்டியதாம். நர்ஸ் கைதட்டினாளாம். அவன் பதறிப்போய்க் கேட்டதற்கு "தம்பி, இது வியாபாரம், நீ வாயத் தொறக்காத" என்றீர்களாம்.

என்ன வியாபாரம் இது.

இருபத்தேழு வருஷம் இந்த மளிகைக் கடையில் கொள்முதல் என் கண், தராசு உங்கள் கை. மூலக்கொத்தளத்து ஒற்றை அறையில் உட்கார்ந்து புளியைக் கொட்டை எடுத்துப் பொட்டலம் கட்டி, எண்ணூர் கம்பெனி கேன்டீன்களுக்கு இரண்டு பஸ் மாறிச் சுமந்து போய் நான் விற்றபோது, ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்துக் கொடுத்தவர் நீங்கள். டோல்கேட் கடைத்தெருவில் இன்றைக்கும் அடுத்த கடையில் வாங்கிய சாமானைக்கூட நம் தராசில் வைத்துச் சரிபார்த்துப் போகிறார்கள். போன வருஷம் தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய புளியை லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டு அந்தத் தரகரை நடுரோட்டில் நிற்கவைத்து என்ன சொன்னீர்கள். நிறுவையில் ஏமாற்றுகிறவன் கையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றீர்கள். இப்போது நனைந்த மூட்டை மாதிரி நீங்களே போய்த் தட்டில் ஏறி நின்றிருக்கிறீர்கள். வெட்கமாக இருக்கிறது எனக்கு.

அங்கே டாக்டர் ஐம்பத்திரண்டு கிலோ என்று ஒரு எண் வைத்திருப்பது எதற்கு என்று ஷெர்லின் எனக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். உணவுக்குழாயில் புற்றுநோய் இருக்கிற பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றை மேலே இழுத்துத் தைக்க வேண்டும். உடம்பில் சத்து இல்லை என்றால் உள்தையல் பிடிக்காது. பிரிந்துவிடும். பிரிந்தால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டுக்குக் கீழே போனால் கத்தி வைக்க மாட்டார்கள், வயிற்றில் குழாய் போட்டு இரண்டு மாதம் ஆகாரம் ஏற்றிவிட்டுத்தான் வைப்பார்கள். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் ஈயம் கட்டியிருக்கிறீர்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி ஆபரேஷன். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நிறுவை. அந்த மேஜையில் படுக்கப்போவது ஈயமா, நீங்களா.

சாப்பாட்டு நோட்டைப் பற்றி நீங்களே அவனிடம் சொன்னதையும் ஷாரிக் சொன்னான். ஒரு நாளைக்கு ஆறு டின் சத்துப் பால் என்று நோட்டில் எழுதுகிறீர்கள். ஷெர்லினும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு நான்கு டின்னைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலி டின்னைக் கழுவி வரிசையாக அடுக்கி வைக்கிறீர்கள், அவள் வந்து எண்ணிப் பார்க்க வசதியாக. அந்தப் பிள்ளை எண்ணிப் பார்த்து எனக்குப் போன் போட்டு "அப்பா இன்னைக்கும் ஆறும் குடிச்சுட்டாரும்மா" என்று சந்தோஷப்படுகிறது. நானும் இங்கே ஸ்தோத்திரம் சொல்கிறேன். கழுவுதொட்டிக்குப் போன ஊட்டத்துக்கு ஸ்தோத்திரம்.

இந்த வித்தை அங்கே போய்ப் படித்தது இல்லை என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை லோடு ஏற்றுகிற வல்லரசைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு "மொதலாளி டெய்லி கேரியர குட்த்து, துன்னுடா வல்லரசு, எனக்கு வூட்டுல ஆச்சுன்னுவாரும்மா. நானும் துன்னுட்டு கயுவி வெச்சுருவேன். மன்சன் எம்மா நல்லவரு பாருன்னு எங்க வூட்லகூட சொல்லிகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை நான் கட்டிக் கொடுத்த சோறு எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் புளியந்தோப்பில் போய் அவன் தொப்பையைத் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் கேட்டால் கடையில் சாப்பிட்டாச்சு. கடையில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டாச்சு. சோறு தொண்டையில் நிற்கிறது என்று ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து, என்னிடம் சொல்ல உங்களுக்கு என்ன கேடு.

ராயபுரத்து கிளினிக்காரர் மேலும் எனக்குக் கோபம்தான். நான்கு மாதம் வாயு, வாயு என்று ஒரே மாத்திரையைத் தந்துகொண்டிருந்தார். ஆனால் சாப்பாடு இறங்குகிறதா என்று அவர் கேட்டபோது "இறங்குது டாக்டர்" என்று சொன்னவர் யார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு சதை எடுத்துப் பார்த்ததில் ஒரு லேப் ஒன்றும் இல்லை என்றது, இன்னொரு லேப் சந்தேகம் என்றது. நல்ல பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம், இந்த ஊரில் இல்லாத வைத்தியமா என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். இங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் கடைத்தெரு ஆள் எவனாவது பார்த்துவிடுவான், அண்ணாச்சிக்குப் புற்று என்று டோல்கேட் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து, கடல் தாண்டிப் போனவர் நீங்கள். அங்கே இரண்டே நாளில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். போனதற்குப் பலன் கிடைத்தது என்று அன்றைக்கு நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஊருக்கு நீங்கள் சொல்லிவிட்டுப் போன கதையை நான் இங்கே சுமக்கிறேன். சிங்கப்பூரில் கிளை திறக்கப் போயிருக்கிறாராம். இசக்கிப்பாண்டி அண்ணாச்சி நேற்று சால்வையோடு வந்து நின்றார். அவர் மச்சான் மகனுக்கு அங்கே கடையில் வேலை போட்டுத் தர வேண்டுமாம். இன்னொருவர் அப்பளத்துக்கு ஏஜென்சி கேட்கிறார். கிளை எந்தத் தெரு என்று விசாரிக்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலிக்கிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஊரை ஏமாற்றுங்கள், தரகரை ஏமாற்றுங்கள், என்னைக்கூட ஏமாற்றுங்கள், பழகிவிட்டது. உங்கள் வயிற்றைக் கிழிக்கப்போகிறவனை எதற்கு ஏமாற்றுகிறீர்கள்.

குழாய் வைத்தால் கேவலம் என்று ஷாரிக்கிடம் சொன்னீர்களாம். வாயால் சாப்பிடாதவன் மனுஷனா என்றீர்களாம். நம் கடைக்கு முன்னால் ரோட்டுக்கு அடியில் துறைமுகத்திலிருந்து எண்ணெய் குழாயில்தான் போகிறது. ஊரே அதில் ஓடுகிறது. யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை. வயிற்றில் ஒரு விரல் கனத்தில் குழாய் இருந்தால் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு போங்கள். பெல்ட்டை மறைக்கத் தெரிந்த ஆளுக்கு அது என்ன கஷ்டம்.

உங்கள் கணக்கு எனக்குத் தெரியும். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள் என்றால், இந்த உடம்பு தேறாது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படுவதைவிட மேஜையிலேயே போனாலும் போகட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவளைக் கேட்காமல் நினைத்துவிட்டீர்கள். இந்தக் கடையில் பத்து மூட்டை சீரகம் வாங்குவதென்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் வாங்கினதில்லை.

ஆகவே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த மெஷினில் ஏறுவதற்கு முன்னால் நீங்களாக வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஷாரிக் கையில் இன்னொரு கவர் இருக்கிறது. அது எழில்மொழி என்கிற அந்த நர்ஸுக்கு. நீங்கள் சொல்லிவிட்டால் அதைக் கிழித்துப் போட்டுவிடுவான். சொல்லாவிட்டால் உங்கள் கண் முன்னாலேயே கொடுப்பான். ஷெர்லினிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், நீங்கள் ரெண்டு சமாதானம் சொல்லி அவளையும் மயக்கிவிடுவீர்கள்.

கர்த்தர் உங்களுக்குப் புத்தி கொடுக்கட்டும். மற்றதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

கோபத்தோடு,
தேவப்பிரியம்.

———

தண்டையார்பேட்டை,
அதே நாள்.

மகள் எழில்மொழிக்கு,

உன்னை நான் பார்த்ததில்லை. உன்னிடம் வைத்தியத்துக்கு வருகிற ஞானதுரையின் மனைவி நான். தமிழ் பேசுகிற தங்கமான பிள்ளை என்று உன்னைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறார். இந்தக் கவரைக் கொண்டுவந்த ஷாரிக் எங்கள் பின்சந்து வீட்டுப் பிள்ளை. அவன் சொல்வதை அப்படியே நம்பலாம். பெல்ட்டைப் பற்றியும் பால் டின்னைப் பற்றியும் அவனே உனக்குச் சொல்லுவான்.

அவருக்கு எழுதிய கடிதத்தில், அவர் உண்மையைச் சொல்லாவிட்டால் மட்டும்தான் இது உன் கைக்கு வரும் என்று மிரட்டியிருக்கிறேன். அது சும்மா. வியாழக்கிழமையே இதை உன்னிடம் சேர்க்கச் சொல்லிவிட்டேன். ஒரே லாரியை நம்பி நான் சரக்கு அனுப்பினதில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இரண்டு நாளாகக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போனவுடனே "சாப்பிட்டீங்களா அங்கிள்" என்று கேட்கிறாயாம். அவர் சாப்பிட்டேன்மா என்கிறாராம். நீ அதை இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறாயாம். உன் டாக்டர் அதைப் படித்து நம்புகிறார். எங்கள் பக்கம் அந்தக் கேள்வி கேள்வியே இல்லை. வாங்க, உட்காருங்க என்பது மாதிரி. பட்டினியாகக் கிடக்கிறவனும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்லுவான். எதிரே இருக்கிறவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து பழக்கிவைத்திருக்கிறோம். நீயும் தமிழ்ப் பிள்ளை, உன் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், யோசித்துப் பார். நான் உன்னைக் குறை சொல்ல யோக்கியதை இல்லாதவள். நவம்பரிலிருந்து தினமும் இரண்டு வேளை அதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன், அதே பதிலைத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். மிளகில் பப்பாளி விதை கலந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவள் நான்.

இனி அப்படிக் கேட்காதே. காலையிலிருந்து எத்தனை மிடறு இறங்கியது, எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு மிச்சம் என்று கேள். மிச்சத்தைக் கேட்டால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நிறுவைக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லார் முன்னாலும் பெல்ட்டைக் கழற்று என்று சொல்லாதே. அவர் அங்கேயே செத்துப்போவார். அங்கிள் என்றும் கூப்பிடாதே, இங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அண்ணாச்சி என்று கூப்பிடு. மெஷினைக் காட்டி, "அண்ணாச்சி, இந்தத் தராசு சரியா காட்டுதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, நீங்க தராசு தெரிஞ்சவங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேள். அவ்வளவு போதும்.

முதலில் குனிந்து மெஷின் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். சைபர் காட்டுகிறதா என்று பார்ப்பார். விரலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்கு அடுத்து, எடை தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்பார். தராசைச் சோதிக்க வேறு வழி கிடையாது. உன்னிடம் அப்படி ஒன்று இருக்காது, இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடு. அவர் இடுப்பில் இரண்டு கிலோ சுத்தமாக இருக்கிறது. கடையில் நிறுத்து வாங்கின ஈயம். கொஞ்ச நேரம் நிற்பார். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இரு. ஒரு தராசு சரியா தப்பா என்று தெரியாமல் அதை விட்டு நகர அவரால் முடியாது. எனக்குத் தெரிந்த மனிதர் அப்படி. எடுத்து வைத்தாரென்றால் ஒன்றும் கேட்காதே. பிறகு ஏறச் சொல்.

எடுக்கவில்லை என்றால் நேராக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அதில் எனக்காகவோ அவருக்காகவோ தயவு பார்க்காதே. தள்ளி வைக்கட்டும், குழாய் போடட்டும், திட்டட்டும். நான் முப்பதாம் தேதி அங்கே வருகிறேன். கடையை வல்லரசும் பையன்களும் பார்த்துக்கொள்வார்கள். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும்.

ஈயம் இல்லாமல் என்ன எண் காட்டியதோ அதை எனக்கு எழுது. ஷாரிக் போனில் அனுப்பினாலும் சரி. ஐம்பது என்றாலும் எழுது, நாற்பத்தைந்து என்றாலும் எழுது, கூட்டிச் சொல்லாதே. இன்னொரு காரியம் இருக்கிறது. எடை குறைந்த சரக்கை இந்தக் கடை வாசலிலிருந்து எத்தனையோ தடவை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதனால்தான் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அவர் எந்த எடையில் வந்தாலும் நான் வாங்கிக்கொள்வேன் என்று அவருக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன், திட்டுதான் வருகிறது. நீ சொல்லிவிடு, தாயி.

தேவப்பிரியம்